உயர்கல்வித்துறை செயலாளருக்கு: கெஸ்ட் லெக்சரருக்கும் பிரசவ லீவு குடுங்க

வணக்கம்ங்க. தென்மாவட்டத்துல ஒரு அரசு கலைக் கல்லூரில கெஸ்ட் லெக்சரரா (கௌரவ விரிவுரையாளர்) இருக்கேன். காலேஜ் பேரு போடல, போட்டா அடுத்த ஜூன்ல வேலை ஆர்டர் வராது, அது உங்களுக்கே தெரியும்.

சம்பளத்த பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2019லயே ஒரு ஹவருக்கு 1,500, மாசம் 50,000 வரைக்கும்னு சொல்லியும் நீங்க 20,000த்த 25,000 ஆக்குனீங்க, மே மாசம் அதுவும் கெடையாது. அது இருக்கட்டும், நான் கேக்க வந்தது பிரசவ லீவு.

எங்க டிபார்ட்மெண்ட் ரெகுலர் மேடம் ஒருத்தங்க பிரசவத்துக்கு போனாங்க. 2021 ஜூலைலருந்து அரசு ஊழியருக்கு 12 மாசம், முழு சம்பளம். நல்ல விஷயம்தான். அவங்க பாடத்த எடுத்தது பக்கத்து சீட்டு கெஸ்ட் லெக்சரர், அவளும் அப்போ மாசமா இருந்தா! எட்டாம் மாசம் ரெண்டாவது மாடி ஏறணும், லேடீஸ் ஸ்டாஃப் டாய்லெட் கீழ, அதுலயும் மத்தியானத்துக்கு மேல தண்ணி வராது, அதனால தண்ணி குடிக்கிறதையே கொறச்சுக்கிட்டா, கடைசில யூரின் இன்ஃபெக்ஷன், காய்ச்சல், ட்ரிப்ஸ்ல போய் நின்னுச்சு. டாக்டர் ரெஸ்ட் எடுக்க சொன்னாரு, ஆபீஸ்ல கேட்டா வராத நாளுக்கு சம்பளம் இல்ல, ரொம்ப நாள் வரலைன்னா வேற ஆள் போட்டுருவோம்னாங்க. தையல் ஆறுறதுக்குள்ள கிளாசுக்கு வந்துட்டா. பால் கட்டிக்கிட்டு, ரெண்டு ஹவருக்கு நடுவுல அதே டாய்லெட்ல போய் பீச்சி விட்டுட்டு, துப்பட்டாவ இழுத்து மூடிக்கிட்டு வருவா. பிரின்சிபால் மேல எனக்கு கோவம் இல்ல, அவர் கைல ஜி.ஓ. (அரசாணை) இல்ல.

சட்டம் இல்லாமலா இருக்கு? 1961 மகப்பேறு சட்டத்துல இருந்ததுதான், 2025 நவம்பர்லருந்து சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்புக்குள்ள வந்துருச்சு: முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தா போதும், 2017 திருத்தத்துக்கு அப்புறம் முதல் ரெண்டு குழந்தைக்கும் 26 வாரம் சம்பளத்தோட லீவு. ஒப்பந்தம் முடிஞ்சாலும் பலன் குடுக்கணும்னு டெல்லி கான்ட்ராக்ட் டாக்டர் ஒருத்தங்க கேஸ்ல 2023ல உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு, அதனால ஏப்ரலோட உங்க ஆர்டர் முடிஞ்சிருச்சேங்கற சாக்கு செல்லாதுங்க.

ஒரு ஜி.ஓ. போதும். லீவுக்கு சம்பளம், திரும்பி வந்தா அதே காலேஜ்ல அதே இடம், நடுவுல கிளாஸ் எடுக்குற ஆளுக்கு தனி பணம். ஜூன் ஆர்டர்லயே சேத்துருங்க, எங்க ஸ்டாஃப் ரூம்ல இப்பவே ரெண்டு பேர் மாசமா இருக்காங்க.