முதியோர் மன்றத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

மன்றக் கட்டடத்தில் ஓராண்டாக நடந்துவந்த வேலைகள், கடைசியில் சொல்லும் இரண்டைத் தவிர, முடிந்துவிட்டன. நிகழ்ச்சிகளை நிறுத்தாமல், கூடத்தைப் பாதி பாதியாக அடைத்துத்தான் வேலை நடந்தது. இதனால் தூசியும் சத்தமும் பொறுக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனால் எந்த வேலை எந்த நிகழ்ச்சிக்கு உதவியது, எது உதவவில்லை என்பது அப்போதைக்கப்போதே தெரிந்தது. ஆகவே கட்டட வேலையையும் ஆண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்தே எழுதுகிறோம். வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையொப்பத்துடன் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. இந்த அறிக்கையில் செய்த வேலை, அதன் அளவு, அதில் நேர்ந்த பிழை ஆகியவை மட்டும்.

வேலைப் பட்டியலை முதலில் நாள்தோறும் வருபவர்களிடம் கேட்டுத்தான் போட்டோம். மின்விசிறி, நாற்காலி, சுவருக்கு வண்ணம் என்று அது நீண்டது. பிறகு, வந்துகொண்டிருந்து இடையில் நின்றுவிட்டவர்களைக் கேட்டோம். "நேரமில்லை", "நிகழ்ச்சி சரியில்லை" என்பதுதான் முதலில் கிடைத்த பதில். கொஞ்சம் பொறுத்துப் பேசியபோது இரண்டே காரணங்கள் திரும்பத் திரும்ப வந்தன: கழிப்பறை, காது. கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியுமோ என்ற பயத்தில், வரும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்தவர்களும் இருந்தார்கள். பட்டியலைக் கிழித்துப் போட்டு, இந்த இரண்டையும் முதலில் எழுதினோம்.

கழிப்பறை

பழைய பீங்கான் இருக்கை தரையிலிருந்து 40 செ.மீ. உயரம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இது மிகத் தாழ்வு. 45 முதல் 48 செ.மீ. வேண்டும். மேலே பொருத்தும் பிளாஸ்டிக் வளையம் எளிய வழிதான், ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அது நழுவும். எனவே இருக்கையைக் கழற்றி, அடியில் 6 செ.மீ. கான்கிரீட் மேடை போட்டு மறுபடி பொருத்தினோம். மேடையை இருக்கையின் அடிப்பாகத்தைவிட அகலமாகப் போட்டுவிடக் கூடாது. எழும்போது குதிகாலைப் பின்னுக்கு இழுத்துத்தான் எழ வேண்டும்; மேடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குதிகால் அதில் இடிக்கும். முதல் கழிப்பறையில் இந்தத் தவறு நடந்தது. உடைத்து மறுபடி போட்டோம்.

இருக்கையின் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 45 செ.மீ. அதைவிடத் தள்ளிப் போனால் சுவரிலுள்ள கம்பிக்குக் கை எட்டாது. கிடைக் கம்பி, உட்காரும் மட்டத்துக்கு மேல் 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அது அழுத்தி எழுவதற்கு. இருக்கையின் முன்விளிம்பைத் தாண்டி ஒரு செங்குத்துக் கம்பியும் உண்டு. அது பிடித்து நிமிர்வதற்கு. இரண்டும் இருந்தால்தான் எழும் செயல் முழுமையாகும்.

கம்பியைவிட அதைப் பிடித்திருக்கும் திருகுதான் முக்கியம். ஒவ்வொரு கம்பியும் 110 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். அப்படியும் ஒரு கம்பி பத்து நாளில் ஆடியது. கழற்றிப் பார்த்தபோது, டைல்ஸுக்குப் பின்னால் சிமென்ட் முழுமையாக நிரம்பாமல் பொள்ளலாக இருந்தது. அதில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் (திருகைப் பிடிக்கத் துளையில் செருகும் குழல்) வைத்துத் திருகியிருந்தார்கள். உள்ளே பொள்ளலான சுவரில் இந்தப் பிளக் நிற்காது. சுவரை ஊடுருவி மறுபக்கம் பட்டைத்தகடு வைத்து போல்ட் முடுக்கினோம். அது முடியாத இடத்தில், துளையை ஊதித் தூசி நீக்கி, ரசாயனப் பசை ஊற்றி ஆங்கர் (சுவருக்குள் பதியும் போல்ட்) வைத்தோம். தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. துணி மாட்டும் கம்பிகளை எல்லாக் கழிப்பறைகளிலிருந்தும் எடுத்துவிட்டோம். கண்ணில் படுவதைத்தான் கை பற்றும், அது எதற்காக வைத்தது என்று விழும் நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றப்பட்டது. உள்ளே ஒருவர் விழுந்து கதவோடு கிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கலாம். அழைப்புமணியின் சிவப்புக் கயிறு தரைக்கு 10 செ.மீ. மேல்வரை தொங்குகிறது. நின்றுகொண்டிருப்பவருக்கு அது தேவைப்படாது, தரையில் கிடப்பவருக்குத்தான் தேவை. துடைக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று யாரோ மேலே முடிச்சுப் போட்டு வைத்திருந்ததை இரண்டு முறை அவிழ்த்திருக்கிறோம்.

காது

கூடத்தில் பேச்சு புரியவில்லை என்ற புகாருக்கு முன்பெல்லாம் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டிவந்தோம். அது தவறான மருந்து. வயதால் குறைவது பெரும்பாலும் மேல்சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகள் கேட்கும், 'ச', 'த', 'க' போன்ற மெய்கள் நழுவும். "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்பது இதனால்தான். அதோடு வெறும் சுவரும் வழவழத் தரையும் எதிரொலியைக் கூட்டி, ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலைமேல் போடுகின்றன. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும்.

பேசுபவருக்கு எதிரேயுள்ள பின்சுவரிலும் பக்கச் சுவர்களின் மேல்பாதியிலும் 5 செ.மீ. தடிமனுள்ள கண்ணாடி நாரைத் துணியால் போர்த்திப் பலகைகளாகப் பொருத்தினோம். தெர்மாகோல் ஒட்டினால் போதும், செலவு குறையும் என்று ஒரு யோசனை வந்தது. தெர்மாகோல் மூடிய குமிழிகளால் ஆனது. ஒலி உள்ளே புக வழியில்லாததால் அது எதிரொலியை விழுங்காது. தீப்பிடித்தால் ஆபத்து வேறு. மேடையோரம் இருந்த இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளுக்குப் பதில் பக்கச் சுவர்களில் நான்கு சிறியவை, குறைந்த சத்தத்தில். நாற்காலிக் கால்கள் அனைத்துக்கும் ரப்பர் குமிழ் போட்டது சில்லறை வேலைதான். ஆனால் பலன் அதில்தான் உடனே தெரிந்தது.

காதுக்கருவி அணிபவர்களுக்காகக் கூடத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம் பதித்திருக்கிறோம். கருவியை 'டி' நிலைக்கு மாற்றினால் ஒலிவாங்கியில் பேசுவது நேராகக் காதுக்கு வரும். எல்லாக் கருவிகளிலும் இந்த வசதி இருக்காது. உங்கள் கருவியைக் கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் வளையம் மின்கம்பிக் குழாயை ஒட்டிச் சென்றதால் ஓயாத 'ம்ம்ம்' இரைச்சல் வந்தது. தள்ளிப் பதித்ததும் நின்றது.

பேசுபவர்களுக்கும் விதி உண்டு: ஒலிவாங்கி வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ.; முதுகுக்குப் பின்னால் சன்னல் இருக்கக் கூடாது. வெளிச்சம் பின்னாலிருந்தால் முகம் இருண்டுவிடும். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்குப் பேச்சில் பாதி போய்விடும்.

சாய்தளமும் வாசலும்

வாசலில் 15 செ.மீ. வீதம் மூன்று படி, மொத்தம் 45 செ.மீ. உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்றால், 5.4 மீட்டர் நீளம் தேவை. இடமில்லை, 3 மீட்டரில் முடித்துவிடலாம் என்றார் ஒப்பந்தக்காரர். அது ஏறத்தாழ ஒன்றுக்கு ஆறரைச் சரிவு. சக்கர நாற்காலி பின்னால் கவிழும், நடந்து இறங்குபவரின் முழங்கால் தாங்காது. 2.7 மீட்டர் வீதம் இரண்டு துண்டாக்கி, மூலையில் 150 செ.மீ. சதுரத் திருப்பு மேடை வைத்து மடக்கினோம்.

சாய்தளத்தின் மேற்பரப்புக்கு டைல்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கான்கிரீட் இறுகும் முன் துடைப்பத்தால் குறுக்குக் கோடிழுத்த சொரசொரப்புப் பூச்சுத்தான் நனைந்தாலும் வழுக்காது. ஏழு நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விட்டு வைத்தோம். கைப்பிடி இரண்டு பக்கமும் 90 செ.மீ. உயரத்தில், 4 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் குழாய். சரிவு முடிந்த இடத்தோடு கைப்பிடியும் முடிந்திருந்ததை ஏற்கவில்லை. இரு முனையிலும் 30 செ.மீ. நீட்டச் சொன்னோம். சரிவிலிருந்து சமதளத்துக்கு மாறும் அந்த ஓரடியில்தான் கால் தடுமாறும்.

படிகளை இடித்துவிட்டுச் சாய்தளம் மட்டும் வைக்கலாம் என்றவர்களுக்கு ஒரு விளக்கம். கணுக்கால் மடங்காதவர்களுக்கும் நடைக்கோல் ஊன்றுபவர்கள் சிலருக்கும் சரிவைவிடப் படியே எளிது. அதனால் இரண்டும் இருக்கின்றன. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 5 செ.மீ. மஞ்சள் பட்டை.

கதவில் ஒரு கணக்குப் பிழை நேர்ந்தது, அது எங்களுடையது. 90 செ.மீ. நிலை என்று எழுதிக் கொடுத்தோம். நிலைச்சட்டமும் கதவின் தடிமனும் போக உள்வழி 80-தான் கிடைத்தது. எழுத வேண்டியது "கதவு திறந்தபின் தடையில்லாத வழி 90" என்பது. பிரதான வாசலில் நிலையை மாற்றினோம், பின்வாசல் 80 ஆகவே நிற்கிறது.

தரை, வெளிச்சம், நாற்காலி

தரைக்கு ஒரே நிறத்தில் பளபளப்பில்லாத ஓடு. கறுப்புவெள்ளைக் கட்டம் அழகுதான். பார்வை மங்கியவர்களுக்கும் மறதிநோய் உள்ளவர்களுக்கும் கறுப்புக் கட்டம் பள்ளமாகத் தெரியும். புதுத் தரையும் முதல் மாதம் வழுக்கியது. காரணம் சோப்புத் திரவம்: அளவுக்கு மேல் ஊற்றித் துடைத்ததில் மெல்லிய படலம் தங்கிவிட்டது. இப்போது திரவத்தைக் குறைத்து, வெறும் தண்ணீரில் இரண்டாம் முறை துடைக்கிறார்கள்.

அறுபது வயதில் விழித்திரைக்குச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்வதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். படிக்கும் மேசைகளுக்கு 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), கூடத்துக்கு 300 லக்ஸ் வைத்தோம். விளக்குகளுக்குப் பால்வெள்ளை மூடி போட்டதால் கண் கூசாது. வெயிலிலிருந்து உள்ளே வருபவருக்குக் கண் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வாசலை ஒட்டிய பெஞ்சு அதற்காக.

நாற்காலிகளின் உட்காரும் மட்டம் 45 செ.மீ. உயரம், கைவைத்தவை.

நிகழ்ச்சிகள்

உடற்பயிற்சி வாரம் மூன்று நாள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்யச் சொல்கிறது; நடப்பது மட்டும் போதாது. எங்கள் வகுப்பின் நடுப்பகுதி நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது: முன்விளிம்புக்கு நகர வேண்டும், பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுக்க வேண்டும், மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து, பிறகு எழ வேண்டும். நேராக நிமிர்ந்து எழப் பார்ப்பவர்கள்தான் பின்னால் விழுகிறார்கள். நாற்காலியின் முதுகு சுவரில் முட்டியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை, எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் நேரத்தை எடுக்கிறோம். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு கூடுதல் என்று கொண்டு, அவர்களைச் சுவரோர வரிசைக்கு மாற்றி, மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறோம்.

இரத்த அழுத்த நாளில் வரிசை நீளம் என்ற புகார் தொடர்கிறது. குறைக்க வழியில்லை. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை இதய மட்டத்தில் இருக்கப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும், சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றினாலும், பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டாலும் எண் ஏறிக் காட்டும். எழும்போது தலை சுற்றுகிறது என்பவர்களுக்கு, படுக்கவைத்தும், எழுந்து நின்ற 1, 3-ஆம் நிமிடங்களிலும் பார்க்கிறோம். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் குறிப்பெழுதிக் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புகிறோம்.

கைப்பேசி வகுப்பில் பாடத்தைவிட விரலே தடையாக இருந்தது. உலர்ந்த விரல்நுனியைத் தொடுதிரை சரியாக உணராது. ஈரத்துணியில் ஒற்றிவிட்டுத் தொட்டால் போதும். விரலை நெடுநேரம் வைத்திருப்பவர்களுக்கு, அணுகல்தன்மை அமைப்பில் தொட்டுப்பிடிக்கும் நேரத்தை நீட்டி வைத்தோம். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் கேட்பவருக்குச் சொல்லக் கூடாது என்பதை வகுப்புக்கு வகுப்பு நடித்தே காட்டுகிறோம். ஏமாற்றுபவர்கள் அவசரப்படுத்துவார்கள், ஆகவே "பிறகு கூப்பிடுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுவதே பயிற்சி.

வாசிப்பு வட்டம், சேர்ந்து பாடுதல், பலகை விளையாட்டு மூன்றும் தடையின்றி நடந்தன. வாசிப்புத் தாள்கள் 18 புள்ளி (பாயின்ட்) அளவுள்ள பெரிய எழுத்தில். அக்டோபர் 1, முதியோர் நாளன்று, பணி பாதியிலிருந்ததால் விழாவை முற்றத்தில் வைத்தோம்; திறந்தவெளியில் ஒலிபெருக்கி சரிவரக் கேட்கவில்லை.

நிலுவையும் பராமரிப்பும்

பின்வாசல் நிலை மாற்றுவதும், மாடிப்படியின் இடப்பக்கக் கைப்பிடியும் பாக்கி. ஒப்பந்தக்காரரின் கடைசிப் பட்டியலில் பிடித்து வைத்த தொகை, ஒரு மழைக்காலம் கழித்துக் கசிவு பார்த்த பிறகே விடுவிக்கப்படும்.

பராமரிப்புப் பதிவேடு அலுவலக மேசையில் இருக்கிறது. அழைப்புமணியை வாரம் ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். கழிப்பறைக் கம்பிகளின் போல்ட்டை மூன்று மாதத்துக்கொரு முறை முடுக்க வேண்டும். நாற்காலிக் கால் ரப்பர் தேய்ந்து உலோகம் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும், தேய்ந்த ரப்பர் சத்தமும் போடும், சறுக்கவும் செய்யும். மாற்று ரப்பரும் 13-ஆம் எண் ஸ்பேனரும் பதிவேட்டுக்குக் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன. எடுத்தவர்கள் பெயரெழுதிவிட்டு எடுக்கவும்.

திருப்பணிக் குழு