வாய்க்கால் நினைவுகளை எழுதுகிறவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். வாய்க்காலில் மூழ்கி இறந்துபோன பிள்ளைகளைப் பற்றி நீங்கள் இந்தக் குழுவில் எழுதுவதைப் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை, கரையில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைப் பார்த்துத்தான் தேடவே ஆரம்பித்தார்கள் என்று ஒரு அக்கா எழுதியது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. எழுதுங்கள். ஆனால் அந்த வீட்டாரைக் கேட்காமல் பெயரோ படமோ போடாதீர்கள், அவர்களில் சிலர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

"பெற்றவர்கள் கவனிக்கவில்லை" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, வாய் நீருக்கு மேலே வரும் நேரம் மூச்சு இழுக்கவே போதாது, அதனால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாமல் போய்விடும். சிமெண்ட் சரிவில் பாசி பிடித்திருந்தால் நீச்சல் தெரிந்தவரும் ஏற முடியாது, மதகுப் பக்கம் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும்.

அப்புறம், நீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றியது, வயிற்றை அமுக்கியது எல்லாம் பழைய நினைவுகளில் வருகிறது. அன்று தெரிந்ததைச் செய்தார்கள், சரி, இப்போது யாரும் செய்ய வேண்டாம். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்தவேண்டும்.

ஜூலை 25 நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான உலக நாள். அன்று வாய்க்காலுக்குப் படியும் பிடிகயிறும் கேட்டு மனு கொடுக்கலாம், வழுக்கும் இடங்கள் தெரிந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள்.