லெந்து நாட்களில் பிரசங்கத்தைக் குறையுங்கள்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குருவானவர் அவர்களுக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், கிறிஸ்துவின் நாமத்தில் தோத்திரம்.

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து தொடங்கும் சாம்பல் புதன், வருகிற 2027இல் பிப்ரவரி 10ஆம் தேதியே வந்துவிடுகிறது. ஈஸ்டர் மார்ச் 28. பொங்கல் கழிந்து நான்கு வாரம்கூட இல்லை. வழக்கம்போல ஜனவரிக் கடைசியில் கூடி, எந்த வெள்ளிக்கு எந்த ஊர்ப் பிரசங்கியார் என்று அட்டவணை போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டால், அப்புறம் எதையும் மாற்ற முடியாது. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறோம். வேதபாடம் வாசிப்பவர்கள், பாடகர் குழுவினர், பீடம் ஒழுங்கு செய்பவர்கள் ஆகிய எங்களுக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். லெந்து நாட்களில் சபை வாய்திறந்து ஜெபிக்கிற நேரம் வருஷத்துக்கு வருஷம் சுருங்குகிறது, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம் நீள்கிறது.

மதுரையில் 1834இல் தொடங்கிய அமெரிக்க மிஷனுக்கு ஜெபப் புத்தகம், அதாவது எழுதி அச்சிட்ட ஆராதனை முறை, கிடையாது. ராமநாதபுரம் பக்கம் ஊழியம் செய்த, இங்கிலாந்துத் திருச்சபையைச் (ஆங்கிலிக்கன்) சேர்ந்த எஸ்.பி.ஜி. மிஷன் ஜெபப் புத்தகத்தோடு வந்தது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இரண்டு வழியும் ஒரே வீட்டுக்குள் வந்தன. நம்முடையது ஆங்கிலிக்கன் வழியில் வந்த ஆலயம். அந்த வழியின் பெரிய சொத்து லித்தானியா, அதாவது நடத்துபவர் ஒவ்வொரு விண்ணப்பமாகச் சொல்லச் சபை பதில் சொல்லும் ஜெபம். ஆங்கிலத்தில் முதன்முதலாக 1544இல் அச்சான பொது ஆராதனை முறையே அதுதான். 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் அதை ஞாயிறு, புதன், வெள்ளி மூன்று நாளும் சொல்லச் சொல்கிறது. முழுவதும் சொன்னால் கால்மணி நேரம் ஆகும். இன்று லெந்து வெள்ளியில் அதை "நேரமின்மை காரணமாக" விட்டுவிட்டு, சிறப்புச் செய்தியாளருக்கு ஐம்பது நிமிஷம் கொடுக்கிறோம். ஆறு வெள்ளிக்கும் ஒரே திட்டம் போதும் என்பது எங்கள் வேண்டுகோள்: ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு வேதபாடம், பத்து நிமிஷச் செய்தி, லித்தானியா, சாம்பல் புதனுக்குரிய சுருக்க ஜெபம். அந்தச் சுருக்க ஜெபத்தை லெந்து முடியும்வரை தினமும் சொல்ல வேண்டும் என்பதும் பழைய ஒழுங்குதான். எல்லாம் சேர்ந்து ஐம்பது நிமிஷத்தில் முடியும்.

சங்கீதம் வாசிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனந்திரும்புதலின் சங்கீதங்கள் ஏழு: 6, 32, 38, 51, 102, 130, 143. சாம்பல் புதன் காலையில் முதல் மூன்றும் மாலையில் கடைசி மூன்றும் வாசிப்பது ஜெபப் புத்தகத்தின் ஏற்பாடு. 51 அன்றைய பாவ அறிக்கை ஆராதனைக்கு உரியது. நம் ஆலயத்தில் மைக் பிடித்தவர் ஒரு வேகம், சபை ஒரு வேகம். மைக் அடுத்த வசனத்துக்குப் போன பிறகும் பின் வரிசை முந்தின வசனத்திலேயே நிற்கும். இதற்குக் காரணம் வசனத்தின் நடுவே நிறுத்தம் இல்லாததுதான். 51இல் பத்தாம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்." இங்கே ஒரு மூச்சு முழுவதுமாக இழுத்துவிட வேண்டும். பிறகு, "நிலைவரமான ஆவியை என் உள்ளத்திலே புதுப்பியும்." வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையில் நிற்பதைவிட நடுவில் அதிகம் நிற்க வேண்டும். வலப்புற வரிசைகள் ஒரு வசனம், இடப்புற வரிசைகள் ஒரு வசனம் என்று மாறி மாறிச் சொன்னால் இரண்டே வாரத்தில் பழகிவிடும். சபை சொல்லும்போது மைக்கை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் பழகவே பழகாது.

ஒலிபெருக்கி என்றதும் இன்னொன்று. அதிகாலை ஐந்து மணி ஜெபத்துக்குக் கோபுரத்துக் குழாயைத் திறந்துவிடுகிறோம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு முதல் சட்டம். மார்ச் மாதம் பிளஸ் டூ பரீட்சை வேறு. தெருவில் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, சாம்பல் புதனன்று நெற்றியில் இடும் சாம்பல் விஷயம். அது திருநீறு போலத் தெரிகிறது என்று சிலர் தயங்குகிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபையிலேயே 1548இல் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது, 1662 புத்தகத்திலும் இல்லை. ஆகவே இடாமல் விடுகிற ஆலயத்தில் ஒரு குறையும் இல்லை. இடுவதென்றால் ஒழுங்காகச் செய்வோம். சாம்பலுக்காக எரிக்கும் போன வருஷக் குருத்தோலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் புகைந்து பிசுபிசுக்கும். இரும்புச் சட்டியில் கொளுத்தி, தீ பிடித்ததும் பாதி மூடிவைத்தால் கறுப்பாக வரும். திறந்தே எரித்தால் வெளுத்துப்போய் நெற்றியில் தெரியாது. ஆறியதும் அம்மியில் நுணுக்கி, பழைய வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. சாம்பல் தண்ணீர் காரம், அந்தக் காலத்தில் துணி வெளுத்ததே அதில்தான். நெற்றியில் அரை மணி நேரம் இருந்தால் தோல் சிவந்து எரியும். கிண்ணத்துக்கு இரண்டு துளி தேங்காய் எண்ணெய் போதும். அதிகமானால் வழிந்து கண்ணுக்கு இறங்கும்.

பீடத்து ஊதா விரிப்பை இந்த முறை சுங்குடியில் எடுக்கலாம் என்று பேச்சு இருக்கிறது. எங்களுக்கும் ஆசைதான். ஆனால் சாயம் இறங்கும் துணி. மேலே விரிக்கும் வெள்ளைத் துணியில் ஒரு துளி திராட்சரசமோ தண்ணீரோ சிந்தினால் ஊதா ஊறி ஏறிவிடும். முதலில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசும் நீர் தெளியும்வரை தனியாக அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். இதற்கு ஒரு வாரமாவது வேண்டும், சாம்பல் புதனுக்கு முந்தின நாள் வாங்கினால் ஆகாது.

மார்ச் 25, தேவதூதன் மரியாளுக்கு அறிவித்த நாள், 2027இல் பெரிய வியாழனாகவே வருகிறது. அதைப் பரிசுத்த வாரத்தில் கொண்டாடும் வழக்கம் இல்லை. ஏப்ரல் 5 திங்களுக்குத் தள்ளுவதே முறை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இனி பெரிய வெள்ளி. மும்மணி ஆராதனை பழைய ஜெபப் புத்தகத்தில் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது 17ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டின் லீமாவில் இயேசு சபைக் குருக்கள் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில்தான் ஆங்கிலிக்கன் ஆலயங்களுக்கு வந்தது. பன்னிரண்டு முதல் மூன்று வரை 180 நிமிஷம், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள். ஒரு வார்த்தைக்கு 24 நிமிஷம் என்று வைத்தால் 168. மீதி பன்னிரண்டு தொடக்கத்துக்கும் முடிவுக்கும். அந்த 24இல் வசனம் 1, செய்தி 10, மௌனம் 4, ஜெபம் 4, பாட்டு 5. இப்போது நடப்பது என்ன? முதல் செய்தியாளர் இருபது நிமிஷம் எடுக்கிறார், இரண்டாமவர் அவருக்குக் குறைவா என்று இருபத்திரண்டு எடுக்கிறார். முதலில் பலியாவது மௌனம், அடுத்தது ஜெபம். ஐந்தாம் வார்த்தைக்கு வருவதற்குள் மணி மூன்றாகிவிடுகிறது. "தாகமாயிருக்கிறேன்" என்ற வசனத்தை அவசர அவசரமாக வாசித்துவிட்டுப் போகிறோம்.

மௌனம் மிஞ்சுகிற இடங்களையும் கீபோர்டு தின்றுவிடுகிறது. யாரும் பேசாவிட்டால் உடனே மெல்ல எதையாவது வாசிக்க வேண்டும் என்று வாசிப்பவருக்குத் தோன்றுகிறது. அது அவர் தப்பில்லை, யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அன்றைக்கு கீபோர்டின் சுவிட்சையே போடாமல் விடலாம். பாட்டுக்குச் சுருதி கொடுக்கப் பாடகர் குழுவில் ஒருவர் போதும். நான்கு நிமிஷம் முடிந்ததை யாரும் அறிவிக்கவும் வேண்டாம், ஜெபிப்பவர் எழுந்து தொடங்கினாலே சபைக்குப் புரியும்.

மார்ச் கடைசியில் மதுரை வெயில் 37, 38 டிகிரிக்கு ஏறிவிடும். உபவாசம் இருப்பவர்களில் சர்க்கரை மாத்திரை போடும் பெரியவர்கள் பலர். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு வந்து மயங்குகிறார்கள். அவர்கள் உபவாசம் இருக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு வரும்படி முந்தின ஞாயிறே அறிவிக்க வேண்டும். வெஸ்திரி (குருவானவர் அங்கி அணியும் அறை) வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் சர்க்கரையும் இருக்கட்டும். முழங்கால்படியிட முடியாதவர்கள் உட்கார்ந்தே ஜெபிக்கலாம் என்று பீடத்திலிருந்து குருவானவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சங்கடப்பட மாட்டார்கள்.

குருத்தோலைக்குத் தென்னங்குருத்தை அடியோடு வெட்டச் சொல்ல வேண்டாம். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. அரிவாள் ஆழமாக இறங்கினால் மரமே போய்விடும். விரிந்த இளமட்டை ஒன்றில் இருநூறுக்கு மேல் ஓலை இருக்கும். ஆளுக்கு ஒன்று என்றால் நம் சபைக்கு மூன்று மட்டை தாராளம்.

போன வருஷ ஓலைகளை வீட்டுச் சுவரில் செருகி வைத்திருப்பவர்கள் ஜனவரி 31 ஞாயிறு அன்று ஆலயத்துக்குக் கொண்டுவரும்படி, அதற்கு முந்தின ஞாயிறு அறிவிப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். வெஸ்திரி வாசலில் கூடை வைக்க நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
சேகரத்தின் வேதபாட வாசகர்கள், பாடகர் குழுவினர், பீடப் பணியாளர்கள் சிலர்
மதுரை