மக்களைக் கேட்காமல் நிறைவேறிய சட்டமூலம்

ஆசிரியருக்கு,

ஒன்ராறியோ சட்டமன்றத்தில் கல்வி தொடர்பான 33ஆம் இலக்கச் சட்டமூலம், சட்டமன்றக் குழு மக்களின் கருத்தைக் கேட்கும் விசாரணையே இல்லாமல் 2025 நவம்பரில் நிறைவேறியது பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் கல்விச் சபைகளைக் கையிலெடுக்கக் கல்வி அமைச்சருக்குக் கூடுதல் அதிகாரம் தரும் சட்டம் இது. அது சரியா, தவறா என்பது வேறு விவாதம். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்கில் காலைக் கேள்வி நேரம்தான் செய்தியாகிறது. ஆனால் சாதாரண மக்கள் வாய் திறக்கக்கூடிய ஒரே இடம் குழு அறைதான்.

முன்பு வேறொரு சட்டமூலம் குறித்து அங்கே பேசியிருக்கிறேன். ஒருவருக்கு ஏழு நிமிடம், அப்புறம் உறுப்பினர்களின் கேள்விகள். வாடகை ரசீது தராத வீட்டுக்காரர்களைப் பற்றி நான் சொன்னதும், ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டு விவரம் கேட்டார். அந்தக் கேள்வி சட்டமன்ற அவைக்குள் எழுந்திருக்காது. பெரும்பான்மை பலம் இருக்கிறது என்பதற்காக இந்தப் படியைத் தாண்டிப் போவது நியாயமில்லை. பள்ளி, வீடு, மருத்துவம் தொடர்பான எந்தச் சட்டமூலத்துக்கும் குறைந்தது இரண்டு நாள் விசாரணை கட்டாயம் என்று சட்டமன்றத்தின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளைத் திருத்த வேண்டும். அதில் ஒன்று, வேலைக்குப் போகிறவர்களும் கலந்துகொள்ள வசதியாக மாலை அமர்வாக இருக்கட்டும்.

ஒரு பெற்றோர்,
ஸ்காபரோ