டிரெய்னரின் சுண்டெலியும் என் அரிவாள்மனையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பால் டிரெய்னர் என்ற விஞ்ஞானியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் படித்தேன். எத்தனை கட்டுரை எழுதினார் என்று கணக்கெல்லாம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். கடைசி வரி: “இனி கிரகண மூளிகள் பிறக்க மாட்டார்கள்.” கிரகணத்தால்தான் உதடு பிளந்து பிறந்தது என்று பழிபோட்டுப் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர் அது. எழுதிய மகராசன் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும்.

டிரெய்னர் அமெரிக்காவில், கன்சாஸ் சிட்டி ஸ்டோவர்ஸ் நிலையத்தில் இருப்பவர். பெயர் வாங்கியது டிரீச்சர் காலின்ஸ் என்ற கோளாற்றை ஆராய்ந்து. கன்ன எலும்பும் கீழ்த்தாடையும் சரியாக வளராது, காது குறைப்பட்டிருக்கும், சில பிள்ளைகளுக்கு அண்ணமும் பிளந்திருக்கும். புத்திக்கு ஒரு குறையும் இராது. கருவில் மூளையாகப் போகிற குழாயின் முகட்டிலிருந்து செல்கள் கிளம்பி வந்துதான் முகத்து எலும்பைக் கட்டுகின்றன. டிகாஃப்1 என்ற மரபணு பழுதானால் அவற்றில் பல கிளம்புமுன்பே மடிந்துவிடுகின்றன. எங்கள் செட்டிநாட்டுப் பாஷையில் சொன்னால், கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் புறப்பட்டவர் கப்பல் ஏறாமல் நாகப்பட்டினத்திலேயே கண்ணை மூடிய கதை. 2008-இல் டிரெய்னர் குழு, அந்தச் செல்களை மடியவைக்கிற பி53 என்ற புரதத்தை அடக்கிப் பார்த்தது. செல்கள் பிழைத்தன, முகம் சரியாக வந்தது. சுண்டெலிக்கு, ஐயா, சுண்டெலிக்கு! அந்தப் பி53 புற்றுநோயைத் தடுக்கிற காவல்காரன். அதை அடக்கும் மருந்தைப் பிள்ளைத்தாய்ச்சிக்கு யார் கொடுப்பது? இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரியை விட்டிருக்கிறீர்கள்.

இப்போது கிரகணம். 1995 அக்டோபர் 24, தீபாவளி முடிந்த கையோடு வந்த சூரிய கிரகணம். எனக்கு ஐந்தாம் மாதம். வளவு அறையில் போட்டுச் சாத்தி வைத்தார்கள், தண்ணீர்கூடத் தரவில்லை. மாசியில் பையன் பிறந்தான், உதடும் அண்ணமும் பிளந்து. கிரகணத்தில் கர்ப்பிணி வெட்டுகிற கருவியைத் தொட்டால் பிள்ளையின் உதடு வெட்டுப்படும் என்பது நம்பிக்கை. “நீ அரிவாள்மனையைத் தொட்டிருப்பே” என்றார் என் மாமியார். அடைத்து வைத்தவரே அவர்தான்! உதடு ஏழாவது வாரத்துக்குள் கூடிவிடும், அண்ணம் பன்னிரண்டாவது வாரத்துக்குள். என் பிள்ளைக்கு உதடு கூடாமல் போனது ஆடியிலேயே. ஐப்பசிக் கிரகணம் பின்னால் நடந்துபோய் ஆடியில் வெட்டியதா? விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கே அன்றைக்கு இதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்தக் கோபமும் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, மறைப்பானேன்.

பிறந்த வீட்டில் கொடுத்த வெள்ளிச் சங்கில் பால் புகட்டினால் பாதி மூக்கில் வரும். அறுவைசிகிச்சைக்குக் கொண்டுபோனால், எடை போதாது, ரத்தம் போதாது என்று மதுரையிலிருந்து மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பத்து வாரம், பத்து பவுண்டு எடை, பத்து கிராம் ஹீமோகுளோபின் என்பது அப்போது அவர்கள் வைத்திருந்த கணக்கு. மேலூர் வழியாகப் பஸ்ஸில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு திரும்பி வந்த மத்தியானங்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? இன்று அவன் இன்ஜினீயர். போன வருஷம் ஜாதகம் பார்க்க வந்தவர்கள் சம்பளத்தைக் கேட்கவில்லை, “ஆச்சி, கிரகணத்திலே வெளியே வந்தீகளோ?” என்று கேட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன? கிரகணம்தோறும் கர்ப்பிணிகள் செய்யக்கூடாதவை என்று கட்டம் கட்டிப் போடுவது உங்கள் பத்திரிகைதானே. அதைக் கண்டித்து நான் எழுதிய இரண்டு கடிதங்கள் அச்சேறவில்லை. மூன்றாவதில் ‘பயனுள்ள இதழ்’ என்ற இரண்டு வார்த்தை பாராட்டு மட்டும் வெளியானது!

செட்டிநாடு என்றால் உங்களுக்கு ஆயிரம் ஜன்னல் வீடும் கோழிக் குழம்பும்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்கு வரவழைத்தாரே, அந்த வாசலில் ஒரு நிருபரை நிறுத்தியதுண்டா?

போகட்டும். அடுத்த இதழில் ராசிபலனுக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் விட்டு, “அது சுண்டெலியில் நடந்த சோதனை, ‘மூளி’ என்று எழுதியது தவறு” என்று போடுங்கள். பிளவு உதடு, பிளவு அண்ணம் என்று நல்ல தமிழ் இருக்கிறது. என் கடிதத்தை வழக்கம்போல வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
கோட்டையூர்