சிசியும் கிலோவாட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

தொழில்முறை செயின்சாக்களை (மரம் அறுக்கும் இயந்திரங்களை) ஒப்பிட்டு உங்கள் இதழில் வெளியான கட்டுரையின் அட்டவணையில் சிசியும் (இன்ஜின் கொள்ளளவு) கிலோவாட்டும் (திறன்) மட்டும்தான் இருந்தன. வாங்கப்போகிறவருக்கு இது பாதித் தகவல்கூட இல்லை.

எடையை எடுத்துக்கொள்வோம். ஸ்டில் எம்எஸ் 462: 72.2 சிசி, 4.4 கிலோவாட், பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் சேர்க்காமல் 6 கிலோ. ஹஸ்க்வர்னா 572 எக்ஸ்பி: 70.6 சிசி, 4.3 கிலோவாட், 6.6 கிலோ. திறனில் வித்தியாசம் பெயரளவுக்குத்தான். ஆனால் நாள் முழுக்கக் கிளை கழிப்பவருக்கு அந்த 600 கிராம் மாலையில் தோளில் தெரியும். கிடக்கும் அடிமரத்தைத் துண்டு போடுபவருக்கு அது பொருட்டே அல்ல. எடையை மரமே தாங்கிக்கொள்ளும்.

அடுத்து, அறுப்பு வேகம். ஒரே நீளப் பார், ஒரே வகைப் புதுச் செயின், ஒரே மரம்: இம்மூன்றும் இல்லாத சோதனை வீண். செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 7 பல்லுக்குப் பதில் 8 பல் போட்டால் அதே சுழற்சியில் செயின் வேகம் சுமார் 14 சதவீதம் கூடும், இழுவை குறையும். சிறு மரத்தில் அந்த இயந்திரம் பறக்கும். பார் முழுக்க மரத்துக்குள் புதைந்ததும் திணறும். புது இன்ஜின் முதல் சில டாங்க் பெட்ரோல் தீரும்வரை முழுத் திறனைக் காட்டாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

செயின் மழுங்கியிருந்தால் எந்த இன்ஜினும் தோற்கும். 3/8 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி) உள்ள செயினுக்கு 5.2 மி.மீ. உருளை அரம், 30 டிகிரி கோணம், பல்லுக்கு முன்னுள்ள ஆழ அளவி (பல் எவ்வளவு ஆழம் வெட்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் மேடு) 0.65 மி.மீ. தாழ்வாக. ஆழ அளவி உயரமாக நின்றால் சீவலுக்குப் பதில் மாவாகத் தூள் கொட்டும். கூடுதலாகத் தேய்த்துவிட்டாலோ பல் மரத்தைக் கவ்வி இழுக்கும், கிளட்ச் சூடேறும், பின்னுதைப்பும் (பார் திடீரென ஆளை நோக்கி எகிறுவது) கூடும்.

நம்பகத்தன்மையைப் பற்றிக் கட்டுரையில் இரண்டே வரி. நீடித்து உழைக்குமா என்ற கேள்விக்குப் பதில், பழுதான பிஸ்டனைக் கழற்றினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். புகை வெளியேறும் பக்கம் மட்டும் நெடுக்குக் கீறல் என்றால் பெட்ரோல் கலவை வறண்டிருக்கிறது (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு), அல்லது ஆயில் சேர்க்காத பெட்ரோல் ஊற்றப்பட்டிருக்கிறது. காற்று நுழையும் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. கலவை வறள்வதற்குக் கிரான்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ஆயில் சீலோ, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயோ கசிவது முக்கியக் காரணம். ஆக்ஸிலரேட்டரை விட்டபிறகும் வேகம் உடனே இறங்காவிட்டால் அங்கேதான் பார்க்க வேண்டும். தானே கலவையைச் சரிசெய்துகொள்ளும் கார்புரேட்டர்களில் சிறு கசிவு வெளியே தெரியாது. ஈடுகட்டும் எல்லை தாண்டிய பிறகுதான் காட்டிக்கொடுக்கும். வசதி என்று மட்டும் இவற்றைக் கட்டுரை புகழ்ந்தது அரைகுறைப் பாராட்டு.

ஸ்டில் எம்எஸ் 500ஐ-யில் கார்புரேட்டரே கிடையாது, எரிபொருள் மின்னணு முறையில் பீய்ச்சப்படுகிறது. 79.2 சிசி, 5 கிலோவாட், 6.2 கிலோ என்பது அசத்தலான விகிதம்தான். ஆனால் கோளாறு வந்தால் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகிச் சரிசெய்ய முடியாது, கண்டறியும் கருவி உள்ள பணிமனை வேண்டும். அப்படியொன்று அருகில் இல்லாதவர், திருகி சரிசெய்யக்கூடிய கார்புரேட்டர் உள்ள மாடலைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்த ஒப்பீட்டிலாவது பார் நீளம், செயின் வகை, ஸ்ப்ராக்கெட் பல் எண்ணிக்கை ஆகியவற்றை அட்டவணையில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயின்சா பழுதுபார்ப்பவர் ஒருவர்