நாலே முக்காலுக்கு ராத்திரிச் சாப்பாடு

அன்புள்ள கோமு,

நலம், நலமறிய ஆவல். சம்பிரதாயம் இத்தோடு முடிந்தது. நம் சிநேகிதி குண்டூசியின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம், உனக்கும் செய்தி வந்திருக்கும். மாப்பிள்ளை அவளைவிடப் பேசுகிறவனாம். அந்த வீட்டில் இனிமேல் யார்தான் கேட்பார்கள்?

சரி, இப்போது என்னைத் திட்டிவிடு. நீ கேட்டது ஒரே ஒரு வரி: "டிஸ்னி வேர்ல்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு மேசை பதியட்டும்?" அதற்கு ஒரு கட்டைவிரல் பொம்மையை அனுப்பிவிட்டு மூன்று வாரம் காணாமல் போனவள் நான். எத்தனை மணி என்று கேட்டால் கட்டைவிரலா பதில் என்று நீ கேட்டது நியாயம்தான். ஆனால் மணியைச் சொன்னால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்று சொல்லப்போனால் போன ஜூனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இதுவரை நான் உனக்கு அனுப்பியது போட்டோக்கள் மட்டும்தான். மிக்கி காது மாட்டிக்கொண்டு அம்மா சிரிக்கிற படத்துக்கு நீ இதயமாகப் போட்டுத் தள்ளியிருந்தாய். அது அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் எடுத்தது.

என் திட்டம் போடும் வியாதி உனக்குத் தெரியும். (மொட்டைமாடித் தோட்டத்து அட்டவணையை இழுக்காதே. அந்த வெண்டை முளைத்தது.) ஃப்ளோரிடாவில் இருக்கிற அந்தக் கேளிக்கைப் பூங்காக்களில் உணவக மேசைப் பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. அவர்களுடைய விடுதியிலேயே தங்குகிறவர்களுக்கு, போய்ச் சேருகிற நாளிலிருந்து 60 நாள் கணக்கு. தங்கும் நாட்களில் 10 நாள் வரைக்கும் ஒரேயடியாகப் பதிந்துகொள்ளலாம். திறக்கிற நேரம் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 6 மணி. மேற்குக் கரையில் இருக்கிற எங்களுக்கு அது ராத்திரி 3. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு நான் பிடித்தது என்ன தெரியுமா? எல்லா நாளும் இரவு எட்டேகால்.

ஆறு மணிக்குச் சாப்பிடுவது ஆஸ்பத்திரியில், ஏழு மணிக்குக் கூட்டம், எட்டேகால்தான் மரியாதையான நேரம் என்று இவரிடம் பிரசங்கமே செய்தேன். பிரசங்கத்தில் ஒரு கணக்கும் இருந்தது. மூன்று மணி நேர வித்தியாசத்தில், அங்கே எட்டேகால் என்றால் எங்கள் உடம்புக்கு ஐந்தேகால். அதற்கு முன்னால் உட்கார வைத்தால் பிள்ளைகள் ரொட்டியைக் கிள்ளிப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். கணக்கில் தப்பில்லை, ஆனால் அம்மா அதில் இல்லை.

அம்மாவின் உடம்பு எந்தக் கரை நேரத்திலும் இல்லை, கைக்கடிகாரத்தில் இருக்கிறது. விமானம் தரை தொட்டதும் முள்ளைத் திருப்பி வைத்துவிட்டாள். இரவு ஏழரைக்குச் சர்க்கரை மாத்திரை, எட்டு மணிக்குச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற ரகம் அது. போட்டுவிட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும். வீட்டில் இருபது வருடமாக இது தவறியதில்லை. தவறாததாலேயே நான் அதைக் கவனித்ததும் இல்லை.

இரண்டாம் நாள், அங்கே இருக்கிற பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டம். மத்தியானம் இடி இடித்து திறந்தவெளியில் ஓடுகிற சவாரிகளை எல்லாம் நிறுத்தி, ஐந்து மணிக்கு மேல் திறந்தார்கள். அதுவரை ஒதுங்கி நின்ற கூட்டமெல்லாம் ஒரேயடியாக வந்து விழுந்தது. ஏழு மணிக்குச் சின்னவன் இன்னும் ஒன்றே ஒன்று என்றான். பலகையில் 40 நிமிடம் என்று போட்டிருந்தது. ஏழே முக்காலுக்கு வெளியே, எட்டேகாலுக்கு மேசை. நுழைந்தோம். பாதி வரிசையில் மறுபடி மின்னல், சவாரி நின்றது. அப்போதே வெளியே வந்திருக்க வேண்டும். இவ்வளவு நேரம் நின்றாகிவிட்டதே என்று நான்தான் எல்லோரையும் பிடித்து நிறுத்தினேன். ஏழரைக்கு அம்மா என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

எட்டு இருபதுக்குத் திரும்பிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருந்தது. ஃப்ளோரிடா புழுக்கத்தில் யாருக்குத்தான் நனையவில்லை? கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து உறையைப் பிரிக்கப் பார்த்தாள். விரல் மிட்டாயைச் சுற்றிச் சுற்றி வருகிறது, முனை மட்டும் கைக்கு அகப்படவில்லை. நான் "என்னம்மா பண்றே" என்று சிரித்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சித்தி, பஸ் வந்துருச்சா?" என்றாள்.

கோமு, நான் சிரித்ததைத்தான் உனக்கு எழுத முடியாமல் இருந்தது.

எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண், யாரோ எவரோ, நான் வாயைத் திறப்பதற்குள் தன் குழந்தை கையிலிருந்த ஆப்பிள் ஜூஸ் டப்பாவை வாங்கி அம்மா வாயில் உறிஞ்சுகுழலை வைத்துவிட்டாள். அவள் வீட்டிலும் யாருக்காவது இருக்க வேண்டும். 15 கிராம் சர்க்கரை கொடு, 15 நிமிடம் பொறு, திரும்பச் சோதித்துப் பார் என்கிற பாடம் எனக்கு மனப்பாடம். சோதிக்கிற கருவிதான் விடுதி அறையில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அந்தக் கால் மணி நேரம் வரிசைத் தரையிலேயே அம்மாவை உட்கார வைத்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது நிமிடமோ என்னவோ, "எதுக்கு எல்லாரையும் நிறுத்தி வெச்சிருக்கே, முன்னாலே இடம் இருக்கு பாரு, நகரு" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பசிக்கிறது என்று ஏன் சொல்லவில்லை என்று ராத்திரி கேட்டேன். "சொன்னா வரிசையை விட்டு வந்துடுவீங்களே. புள்ளை அவ்வளவு நேரம் நின்னானே."

அன்றிரவே உட்கார்ந்து எட்டேகால்களை எல்லாம் ரத்து செய்தேன். பெரும்பாலான இடங்களில் 2 மணி நேரம் முன்பு வரைக்கும் ரத்து செய்யலாம், அந்த வரைக்கும் புண்ணியம். பதிலுக்குத் தேடினால் ஆறு, ஆறரை, ஏழு எல்லாம் எப்போதோ போய்விட்டன. எனக்குக் கிடைத்தது நாலே முக்கால். இவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "சூரியன் மண்டை மேலே நிக்குது, டின்னராம்! இருட்டினாத்தானே டின்னர்?" என்று ஒரு மூச்சு. எனக்கும் மனசில்லைதான். வேறு வழியில்லாமல் போனோம். போன பிறகுதான், எல்லோரும் வேண்டாம் என்று தள்ளிவைத்த அந்த நேரம் எப்பேர்ப்பட்ட நேரம் என்று புரிந்தது.

நீ போகப்போவதும் ஜூன்தானே? அங்கே கோடையில் அநேகமாக மத்தியானம் தவறினால் சாயங்காலம் இடிமழை பிடித்துக்கொள்ளும். கடைசியில் நனைந்த கூட்டமெல்லாம் கடை வாசல்களில் நெருக்கியடித்து நிற்கும்போது நீ மட்டும் ஏசி அறையில், உன் பெயருக்குப் பதிந்த நாற்காலியில், கால் நீட்டி உட்கார்ந்திருப்பாய். மேசைகள் பாதி காலி. பரிமாறுகிறவருக்கு நின்று பேச நேரம் இருக்கிறது, அம்மாவுக்கு எதில் முட்டை, எதில் மீன் சாறு என்று பொறுமையாகச் சொன்னார். (மெனுவில் பச்சை இலைக் குறி போட்டிருந்தால் இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லாதது என்று அர்த்தம்.) ஆறு மணிக்கு வெளியே வந்தால் வெயில் தணிந்து, தரை கழுவிவிட்டாற்போல் இருக்கும். ஜூனில் அங்கே சூரியன் மறைய எட்டரை ஆகிவிடும். மற்றவர்கள் ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசை தேடும்போது நீ சவாரி வரிசையில். எட்டு மணிக்கு அவர்கள் தட்டு முன்னால், நீ கோட்டை முன்னால் வாணவேடிக்கைக்கு இடம் பிடித்துக்கொண்டு. ஹாப்பிலி எவர் ஆஃப்டர் என்கிற அந்த வேடிக்கை 18 நிமிடம்தான். நான் முதலில் போட்ட எட்டேகால் திட்டப்படி நடந்திருந்தால் அதை உணவகக் கண்ணாடி வழியாகச் சத்தமாக மட்டும் கேட்டிருப்போம். அப்புறம் மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வரிசையில் நுழைந்தாலும் ஏற்றி விட்டுத்தான் அனுப்புவார்கள். கடைசி மணி நேரத்தில் வரிசைகள் வற்றிவிடும். வயிறு நிறைந்தவர்களுக்குத்தான் அந்த மணி நேரம் கிடைக்கும்.

இடையில் ஒன்பது மணிக்குப் பிள்ளைகளுக்கு மறுபடி பசிக்கும். அதற்கு மேசையெல்லாம் வேண்டாம். போனிலேயே ஆர்டர் போட்டுக் கையில் வாங்கிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து கொண்டுபோனதையும் உள்ளே விடுகிறார்கள், கண்ணாடிப் புட்டியும் மதுவும் கூடாது. மூன்றாம் நாளிலிருந்து அம்மாவின் கைப்பையில் ஜூஸ் டப்பா இரண்டு, என் பையில் இரண்டு, பெரியவள் பையில் ஒன்று. சின்னவன் பையில் வைத்தது குடித்தாகிவிட்டது.

இவருடைய இருட்டுப் புகாருக்கும் மருந்து கிடைத்தது. எப்காட் என்கிற பூங்காவில் குளத்தைச் சுற்றி 11 நாடுகளின் கூடங்கள் இருக்கின்றன. மெக்சிகோ கூடம் ஒரு பிரமிடு. உள்ளே நுழைந்தால் எந்நேரமும் அந்திதான்: கருநீல மேற்கூரை, தூரத்தில் புகை விடுகிற எரிமலை, விளக்கு வைத்த மேசைகள், பக்கத்தில் படகு போகிற ஓடை. சான் ஆங்கேல் இன் என்று பெயர். அங்கே நாலே முக்காலுக்கு இவரை உட்கார வைத்து, "இருட்டு போதுமா?" என்றேன். வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டு வெளியே வந்து வெயிலில் கண் கூசியபோது மட்டும், "இப்ப காலையா?" என்றார்.

ஒரே ஒரு இடத்தை விட்டுவிடாதே. அனிமல் கிங்டம் மற்ற பூங்காக்களைவிடச் சீக்கிரம் மூடிவிடும், அதனால் அன்றைக்குச் சாப்பாடு வெளியேதான். அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்று ஓர் உணவகம், அங்கே தங்காதவர்களும் பதிந்துகொண்டு போகலாம். ஆப்பிரிக்கச் சமையலில் நம் மசாலாவைக் கலந்து செய்கிறார்கள். 'நான்' ரொட்டி முதலானவற்றோடு ஒன்பது தொடுகறி ஒரே பலகையில் வரும். அம்மா ஒவ்வொன்றையும் தொட்டு நக்கி மார்க் போட்டாள். ஊறுகாய்க்கு மட்டும் ஏழு, மற்றதெல்லாம் ஐந்துக்குக் கீழே. ஆனாலும் பலகை காலி. ஜன்னலுக்கு வெளியே புல்வெளி, வரிக்குதிரை மேய்கிறது, ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பார்க்கிறது. இது வெளிச்சம் இருக்கும்வரைதான். இருட்டிவிட்டால் ஜன்னலில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். ஜூனில் ஏழு மணிக்குப் போனாலும் பார்க்கலாம், டிசம்பரில் ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடும்.

இத்தனையும் எதற்கு எழுதுகிறேன் என்றால், அப்பாவையும் அழைத்துப்போகிறாய், அவருக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். அது சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற ரகமா என்று பார். புறப்படுவதற்கு முன்னால் அவருடைய டாக்டரிடம், சாப்பாட்டு நேரம் முன்பின் ஆனால் என்ன செய்வது என்று வாய்விட்டுக் கேட்டுவிடு. நாங்கள் கேட்டதற்கு, தட்டு மேசைக்கு வருவது உறுதியான பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னார் அம்மாவின் டாக்டர். உன் அப்பாவுக்கு என்ன சொல்வாரோ, அதைச் செய். சர்க்கரைக் கருவி அவர் பையில் இருக்கட்டும், விடுதியில் வேண்டாம். உங்களுக்கு நேர வித்தியாசம் இல்லை, அந்தத் தொல்லை மிச்சம். ஆனால் அப்பா நாலே முக்காலுக்கு, "இது காபி நேரமில்லையா?" என்பார். லேட் லஞ்ச் என்று சொல்லிவிடு. நீ சொன்னால் நம்புவார், ஹாஸ்டல் காலத்திலிருந்தே உன் பொய்யை நம்பி வளர்ந்த மனிதர்.

உன் 60 நாள் கணக்குப்படி வருகிற செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்குப் பதிவு. சனாவை முதலில் பிடி. முடிந்ததும் மணியை எனக்கு எழுது, இந்தத் தடவை கட்டைவிரல் அனுப்ப மாட்டேன்.

அம்மா இரண்டாவது தடவை கூப்பிட்டாயிற்று. மணி எட்டாம், தட்டு வைத்துவிட்டாளாம். வருகிறேன்.

உன்,
லதா

பி.கு: மழைக்கோட்டை உன் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போ. அப்பாவுக்குப் பெரிய அளவாக.